கருமணலும் கட்டளைக் கல்லும்



நெகிரி செம்பிலான் என்றதும் பால்மரக் காடுகளும், செம்பனைத் தோட்டங்களும், போர்ட்டிக்சன் கடற்கரையும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், பால்மரம் இந்த மண்ணில் வேர் விடுவதற்கு வெகு காலத்துக்கு முன்பே, இந்த மாநிலத்தின் கதையை ஒரு சிறிய கறுப்பு மணல் மணி எழுதத் தொடங்கிவிட்டது. அந்த மணிக்காக ஆற்றங்கரைகளில் ஊர்கள் எழுந்தன. அதற்காகப் போர் மூண்டது. அதற்காக இரயில் பாதை போடப்பட்டது. ஈயக் கல் என்பதே அந்த மணி.

ஆற்று மணலில் கறுப்பு மணி ஒன்றல்ல, பலவகை உண்டு. அவற்றில் ஒன்று காசு. மற்றவை அன்றைக்குக் குப்பை. கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். எது எது என்று அன்றைய மனிதர்கள் எப்படிப் பிரித்து அறிந்தார்கள்? அந்த அறிவு எப்படி வளர்ந்து பள்ளிக்கூடப் பாடமாயிற்று? நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதை நாம் எப்படிச் சொல்லிக் கொடுக்கலாம்? இவற்றைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

இன்று சிரம்பான் என்று நாம் அழைக்கும் வட்டாரத்துக்குப் பழைய பெயர் சுங்கை ஊஜோங். அங்கே தோண்டிய ஈயம் லிங்கி ஆற்றின் வழியாகப் படகில் இறங்கி, கடலைத் தொட்டு, மலாக்காவுக்குப் போயிற்று. அப்போது சிலாங்கூரைச் சேர்ந்திருந்த லுக்குட்டிலும் ஈயம் செழித்தது. கோலாலம்பூரை நகரமாக வளர்த்த யாப் ஆ லோய் என்ற சீனத் தலைவர்கூட முதலில் லுக்குட்டிலும், பிறகு சுங்கை ஊஜோங்கிலும் வாழ்ந்து தொழில் பழகியவர்தான். ஆற்றில் போகும் ஈயத்துக்கு யார் வரி வாங்குவது என்ற தகராறு முற்றியது. சுங்கை ஊஜோங்கின் டத்தோ கிளானாவுக்கும் டத்தோ பண்டாருக்கும் இடையே பகை மூண்டது. 1874-ஆம் ஆண்டில் டத்தோ கிளானா ஆங்கிலேயரைத் துணைக்கு அழைத்தார். அந்த ஆண்டின் இறுதியில் சண்டை நடந்தது. ஆங்கிலேய ஆட்சி இந்த மாநிலத்துக்குள் நுழைந்த வாசல் அதுவே. 1891-இல் சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்து இரயில் ஓடத் தொடங்கியபோது, ஆற்றை நம்பியிருந்த ஈயம் வண்டியில் ஏறியது.

ஈயம் என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு உண்டு. ஒன்று காரீயம், அது உடலுக்கு நஞ்சு. மற்றது வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும், ரசம் வைக்கும் ஈயச் சொம்பு செய்வதும், பால் டின்னின் தகரத்துக்குப் பூச்சாவதும் வெள்ளீயம்தான். மலாயாவில் தோண்டியது இந்த வெள்ளீயமே. ஆனால் மண்ணுக்குள் அது வெள்ளையாகவும் இருப்பதில்லை, உலோகமாகவும் இருப்பதில்லை. உயிர்வளியோடு சேர்ந்து, பழுப்பும் கறுப்புமான கல்லாக இருக்கிறது. அறிவியலார் அதைக் காசிட்டரைட் என்பார்கள். உலையில் கரியோடு சேர்த்துச் சுட்டால்தான் வெள்ளை உலோகம் வடியும்.

இந்தக் கல் எங்கிருந்து வந்தது? நம் தீபகற்பத்தின் முதுகெலும்பாக நிற்கும் தித்திவங்சா மலைத்தொடர் கருங்கல்லால் ஆனது. ஏறக்குறைய 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கு அடியில் உருகிய குழம்பாக இருந்து மெல்ல ஆறி இறுகியது அது. அப்போது கருங்கல்லின் வெடிப்புகளில் ஈயக் கல்லும் படிந்தது. பிறகு வெயிலும் மழையும் மலையைக் கரைத்தன. ஆறுகள் மணலை அடித்து வந்தன. கனமான ஈயக் கல் தூரம் போக முடியாமல் பள்ளத்தாக்குகளில் தங்கிவிட்டது. சிரம்பான் வட்டாரத்திலும் ஜெலுபுவிலும் மனிதன் தோண்டியது இந்தப் படிவைத்தான். நம் தோட்டப்புறத்தார் அந்த இடங்களை ஈயலம்பம் என்றார்கள். வேலை ஓய்ந்து தண்ணீர் தேங்கிய பள்ளத்தை லம்பக் குட்டை என்றார்கள்.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். கறுப்பு மணிகளை எப்படிப் பிரித்தார்கள்?

டூலாங் என்ற மரத் தட்டை நம்மில் வயதானவர்கள் பார்த்திருப்பார்கள். நடுவில் குழிந்த, அகலமான தட்டு அது. சீனப் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று, தட்டில் மணலை அள்ளி, வட்டமாகச் சுழற்றுவார்கள். வெள்ளை மணல் விளிம்பு தாண்டி வழிந்து போகும். கறுப்பு மணி நடுவில் தங்கும். இதில் மந்திரம் ஒன்றுமில்லை. கனத்தில் உள்ள வேறுபாடுதான். வெள்ளை மணலாகிய குவார்ட்ஸ் கல், அதே அளவுள்ள தண்ணீரைவிட 2.65 மடங்கு கனம். ஈயக் கல்லோ ஏறக்குறைய 7 மடங்கு கனம். ஒரே அளவான இரண்டு மங்குகளில் ஒன்றில் வெள்ளை மணலும் மற்றதில் ஈயக் கல் மணியும் நிரப்பித் தூக்கினால், இரண்டாவது மங்கு இரண்டரை மடங்குக்கு மேல் கனக்கும்.

இந்தக் கணக்கு பால் வெட்டும் குடும்பத்துக்குப் புதிதல்ல. ஸ்டோரில் பால் எடுக்கும்போது மெட்ரோலாக் என்ற கருவியைப் பாலில் மிதக்கவிட்டுப் பார்ப்பது வழக்கம் அல்லவா? பாலில் தண்ணீர் கலந்தால் அதன் அடர்த்தி மாறும். கருவி நிற்கும் உயரமும் மாறும். கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும் இரண்டு பால்களை அடர்த்தியால் பிரிப்பதும், கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் இரண்டு மணல்களைக் கனத்தால் பிரிப்பதும் ஒரே அறிவுதான்.

ஆனால் டூலாங்கின் நடுவில் தங்கியது எல்லாம் ஈயமாகிவிடாது. இல்மனைட் என்ற கறுப்புக் கல் தண்ணீரைவிட 4.7 மடங்கு கனம். அதுவும் கூடவே தங்கும். துர்மாலின் என்ற கறுப்புக் குச்சிக் கல்லும் சிறிது தங்கும். இந்தக் கலவைக்கு அமாங் என்று பெயர். அமாங்கிலிருந்து ஈயக் கல்லைப் பிரிக்க வேறு சோதனைகள் தேவைப்பட்டன. பீங்கானில் தேய்த்தால் இல்மனைட் கறுப்புக் கோடு போடும். ஈயக் கல் கறுப்பாக இருந்தாலும் வெளிறிய கோடுதான் போடும். வலுவான காந்தத்துக்கு இல்மனைட் அசையும். ஈயக் கல் பொதுவாக அசையாது. இன்னும் ஐயமிருந்தால், ஆய்வுக்கூடத்தில் துத்தநாகத் தட்டின்மேல் அந்த மணியை வைத்து அமிலம் விடுவார்கள். சிறிது நேரத்தில் மணியின்மேல் பளபளக்கும் சாம்பல் நிறப் படலம் படிந்தால், அது ஈயக் கல்லே.

கல்லை இப்படிச் சோதித்து அறியும் வித்தை நம் முன்னோருக்குத் தெரியாததல்ல. பொற்கொல்லர் தங்கத்தைக் கறுப்புக் கல்லில் உரைத்து, விழும் கோட்டின் நிறத்தைப் பார்த்து மாற்றுச் சொன்னார். அந்தக் கல்லுக்கு உரைகல், கட்டளைக் கல் என்று பெயர். மனிதரின் பெருமைக்கும் சிறுமைக்கும் அவரவர் செயலே கட்டளைக் கல் என்று திருவள்ளுவர் சொல்லும் அளவுக்கு, அது எல்லாரும் அறிந்த பொருளாக இருந்தது. சிலை செய்யும் ஸ்தபதி கல்லை உளியால் தட்டி ஓசை கேட்டார். மணிபோல் ஒலிப்பது ஒரு வகை, மந்தமாக ஒலிப்பது ஒரு வகை என்று ஆண் கல், பெண் கல், அலிக் கல் எனப் பிரித்தார். உள்ளே வெடிப்புள்ள கல்லின் ஓசை கெட்டிருக்கும் என்பது அனுபவம் கற்றுத் தந்த பாடம். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில், மதுரையின் மணிக்கடைத் தெருவில் எந்த மணிக்கு என்ன குற்றம், என்ன குணம் என்று அறிந்த வணிகர்களைக் காண்கிறோம். நம் வீட்டுப் பெண்களும் குறைந்தவர்கள் அல்லர். அம்மி வாங்கும்போது பொடி உதிருமா என்று தேய்த்துப் பார்க்காமல் யாரும் வாங்கியதில்லை.

ஆனால் ஒரு குறை இருந்தது. இந்த அறிவு அந்தந்தத் தொழிற் குடும்பத்துக்குள்ளேயே இருந்தது. தந்தை மகனுக்குச் சொன்னார். மகன் பேரனுக்குச் சொன்னான். அடுத்த தெருப் பிள்ளைக்கு அது எட்டவில்லை. ஈயலம்பத்திலும் அப்படித்தான். தெரிந்தவர் விலை சொன்னார். தெரியாதவர் சொன்ன விலைக்குத் தலையாட்டினார்.

கல்லை அறியும் அறிவை எல்லாருக்கும் பொதுவான பாடமாக்கியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ஜெர்மனி நாட்டு ஆபிரகாம் வெர்னர். பிரைபெர்க் என்ற சுரங்க நகரத்தின் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். 1774-இல், 25 வயது நிரம்புமுன், கனிமங்களின் வெளி அடையாளங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நிறம், பளபளப்பு, உடையும் விதம், கடினம், கனம், தொட்டால் உண்டாகும் குளிர்ச்சி என்று ஒவ்வொன்றையும் வரிசையாகப் பார்க்க வேண்டும் என்றார். விலையுயர்ந்த கருவி வேண்டாம். கண்ணும் கையும் ஒழுங்கும் போதும் என்பது அவர் முறை.

அவரிடம் படித்தவர் பிரெடெரிக் மோஸ். 1812-இல் அவர் ஒரு கடின வரிசையை வகுத்தார். பத்துக் கற்களை மென்மையானதிலிருந்து கடினமானது வரை அடுக்கினார். மாக்கல் 1, ஜிப்சம் 2, கால்சைட் 3, புளோரைட் 4, அப்படைட் 5, பெல்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7, புஷ்பராகம் 8, குருந்தம் 9, வைரம் 10. விதி மிக எளிது: எது எதைக் கீறுகிறதோ அது கடினமானது. உலகமெங்கும் இன்றும் பள்ளிகளில் இந்த வரிசையே சொல்லிக் கொடுக்கப்படுகிறது.

இதில் ஒன்பதாம் கல்லின் பெயரை மறுபடியும் கவனியுங்கள். குருந்தம். ஆங்கிலத்தில் அதைக் கொரண்டம் என்பார்கள். அந்தச் சொல் நம் தமிழிலிருந்து போனது. சேலம் முதலிய பகுதிகளில் கிடைத்த இந்தக் கல்லைத் தீட்டுவதற்கும் மெருகேற்றுவதற்கும் நம்மவர்கள் பயன்படுத்தினார்கள். சிவப்பாக இருந்தால் அதுவே மாணிக்கம். நீலமாக இருந்தால் அதுவே நீலக்கல். உலகத்துப் பிள்ளைகள் எல்லாம் ஒப்பிக்கும் பாடத்தில் ஒரு தமிழ்ச் சொல் இருக்கிறது. அதை நம் பிள்ளைகள் அறியாமல் போகலாமா?

தமிழர்களில் இந்தக் கல்வியை முறையாகக் கற்றுப் பெயர் பெற்ற ஒருவரையும் இங்கே நினைக்க வேண்டும். அவர் ஆனந்த குமாரசுவாமி. சிவநடனத்தைப் பற்றிய நூலால் கலை உலகம் அவரை அறியும். ஆனால் அவர் முதலில் ஒரு நிலவியலாளர். 1877-இல் கொழும்பில் பிறந்தார். தந்தை சர் முத்து குமாரசுவாமி யாழ்ப்பாணத் தமிழ் மரபினர். இலண்டனில் நிலவியல் படித்து, 1903-இல் இலங்கைக் கனிமவள ஆய்வுத் துறையின் முதல் இயக்குநரானார். அந்தக் காலத்தில் இரத்தினக் கல் தேடி ஆற்று மணலை அலசுகிறவர்களுக்கு, கறுப்பான, மிகக் கனமான சிறு கட்டிகள் கிடைத்தன. பார்வைக்கும் கனத்துக்கும் அது யுரேனியக் கல் போலவே இருந்தது. முதலில் அப்படித்தான் எழுதப்பட்டது. பிறகு இரசாயன முறையில் பகுத்துப் பார்த்தபோது, அதில் பெரும்பங்கு தொரியம் என்று தெரிந்தது. 1904-இல் அதற்குத் தொரியனைட் என்று புதுப் பெயர் வைத்தார்கள். படித்த அறிஞர்களுக்கே பார்வை போதவில்லை. ஒரு சோதனையின் முடிவை அடுத்த சோதனை திருத்தியது.

தொரியம் எதற்கு? தோட்டத்துத் திருவிழாக்களில் முன்பு கேஸ் விளக்கு ஏற்றுவார்களே, அதில் ஒரு வெள்ளை வலை இருக்கும். அந்த வலை பளீரென்று ஒளிவிடத் தொரியமே காரணமாக இருந்தது. அதனால் அந்தக் காலத்தில் உலகமெங்கும் தொரியத்தைத் தேடினார்கள். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய இரசாயன அறிஞர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலில் வந்த தேங்காய்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்தார். அதில் மஞ்சள் கலந்த பழுப்பு மணிகள் இருந்தன. மோனசைட் என்ற தொரியக் கல் அது. கயிறு வந்த இடத்தைத் தேடிப் போனபோது கிடைத்த ஊர் மணவாளக்குறிச்சி. இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. அந்தக் கடற்கரை மணலில் காலங்காலமாக மக்கள் நடந்தார்கள், வலை உலர்த்தினார்கள், கயிறு திரித்தார்கள். அது என்ன மணல் என்று அவர்களுக்குச் சொல்வார் இல்லை. எங்கோ இருந்த ஒருவர் ஒரு சிட்டிகை மணலைச் சோதித்தார். விலை அவர் கைக்குப் போயிற்று.

அதே மோனசைட் நம் ஈயலம்பங்களின் அமாங்கிலும் இருக்கிறது. அன்று குப்பை என்று ஒதுக்கிய அமாங்கைப் பிற்காலத்தில் விலைக்கு வாங்கினார்கள். இல்மனைட்டிலிருந்து வெள்ளைச் சாயத்துக்கான பொருளும், மோனசைட்டிலிருந்து அரிய உலோகங்களும் எடுத்தார்கள். ஆனால் தொரியம் கதிர்வீச்சு உள்ளது. பேராக் மாநிலத்தின் புக்கிட் மேராவில் மோனசைட்டிலிருந்து உலோகம் எடுத்த ஆலையின் கழிவால் தங்கள் உடல்நலம் கெடுவதாக அவ்வூர் மக்கள் 1980-களில் நீதிமன்றம் போனார்கள். ஆகவே கல்லை அறிவது காசுக்கு மட்டுமல்ல; காவலுக்கும் வேண்டியிருக்கிறது.

1985-இல் உலக ஈயச் சந்தை சரிந்தது. மலேசியாவில் ஈயலம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஆனால் கல்லின் கதை ஈயத்தோடு முடியவில்லை. நம் பால்மரமும் கல்லின் மேல்தான் நின்றது.

1903-இல் ஸ்கிரிவனர் என்ற அரசாங்க நிலவியலாளர் மலாய் மாநிலங்களுக்கு வந்து பாறைகளை ஆராயத் தொடங்கினார். 1925-இல் இரப்பர் ஆராய்ச்சிக் கழகம் ஏற்பட்டது. மண் ஆய்வாளர்கள் இந்த நாட்டின் மண்ணை வகை பிரித்துப் பெயர் வைத்தார்கள். கருங்கல் கரைந்து உண்டான ஆழமான மண்ணுக்கு ரெங்கம் வகை என்று பெயர். செம்பாறைச் சரளை நிறைந்த மண்ணுக்கு மலாக்கா வகை என்று பெயர். முதல் வகையில் மரம் ஆழமாக வேர் விடும். இரண்டாம் வகையில் சங்கூல் கொத்தினால் சரளையில் பட்டுக் கிணுங்கும்; வேருக்கும் அதே தொல்லைதான். எந்த மண்ணில் எதை நடுவது, எவ்வளவு உரம் போடுவது என்பதெல்லாம் இந்தப் பெயர்களைப் பார்த்து அலுவலகத்தில் முடிவாயிற்று.

அந்தச் செம்பாறைக்கும் ஒரு வரலாறு உண்டு. நம் தோட்டத்துச் செம்மண் சடக்கில் கொட்டிய சிவப்புக் கல் அதுதான். மலாக்காவில் போர்த்துக்கீசியர் கட்டிய கோட்டையிலும் அந்தக் கல்லைக் காணலாம். 1807-இல் பிரான்சிஸ் புக்கனன் என்பவர் மலபாரில் அங்காடிப்புரம் என்ற ஊரில், மக்கள் இந்தக் கல்லைச் செங்கல்போல் வெட்டி வீடு கட்டுவதைப் பார்த்து எழுதினார். இலத்தீன் மொழியில் செங்கல்லைக் குறிக்கும் சொல்லால் அதற்கு லேட்டரைட் என்று பெயர் வைத்தார். மழையும் வெயிலும் மிகுந்த நாட்டில், மண்ணின் மற்றச் சத்துகள் கரைந்து போக, இரும்பும் அலுமினியமும் தங்கி இறுகுவதால் உண்டாவது அது. சிவப்புக்குக் காரணம் இரும்புத் துரு.

இப்படி மண்ணுக்கும் கல்லுக்கும் பெயர் இருந்தது. ஆனால், அந்த மண்ணில் குழி வெட்டியவருக்கு, அந்தக் கல்லைச் சுமந்து சடக்கு போட்டவருக்கு, அதை யார் சொன்னார்கள்? 1923-இன் தொழிலாளர் சட்டத்தின்படி, 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று ஆயிற்று. பள்ளிகள் வந்தன. பல இடங்களில் கிராணியே வாத்தியாராகவும் இருந்தார். எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். அதுவே அன்று பெரிய காரியம். காலடி மண்ணைப் பற்றிய பாடம் அங்கே இல்லை. மூன்று தலைமுறை நம்மவர் இந்த மண்ணைத் தோண்டினார்கள். அதன் பெயரைக் கேட்டு அறியாமலே பலர் மறைந்தார்கள்.

இன்று பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்கள் இருந்த இடங்களில் கடைத்தெருக்கள் வந்துவிட்டன. பிள்ளைகள் எங்கே போய் வாழ்ந்தாலும், கையால் சோதித்து அறியும் பழக்கத்தைக் கொண்டு போகட்டும். அதை நாம் வீட்டிலேயே தொடங்கலாம். செலவு அதிகமில்லை.

ஒரு பழைய டப்பாவில் இவற்றைச் சேருங்கள்: ஓர் இரும்பு ஆணி, ஒரு செம்புக் கம்பித் துண்டு, ஒரு காந்தம், உடைந்த பீங்கான் மங்கு அல்லது தட்டின் மெருகில்லாத அடிப்பக்கம், ஒரு கண்ணாடிப் போத்தல், சிறிது சமையல் வினிகர். கூடவே ஒரு நோட்டுப் புத்தகம்.

முதலில் பிள்ளை கல்லைக் கழுவிப் பார்க்கட்டும். நிறத்தை எழுதட்டும், ஆனால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். பிறகு கையில் தூக்கிக் கனம் பார்க்கட்டும்.

அடுத்து, கீறிப் பார்ப்பது. நகத்தின் கடினம் மோஸ் வரிசையில் ஏறக்குறைய 2½. செம்புக் கம்பி 3. இரும்பு ஆணி 4½ முதல் 5 வரை. கண்ணாடி 5½. நகம் கீறினால் அது மிக மென்மையான கல். ஆணி கீறினால் நடுத்தரம். கல்லே போத்தலைக் கீறினால் அது கடினமான கல். கீறியது போல் தெரிந்தால் விரலால் துடைத்துப் பார்க்க வேண்டும். பொடி போய்விட்டால் அது கீறல் அல்ல. மென்மையான பொருள் தேய்ந்து ஒட்டியது.

மூன்றாவது, பீங்கானில் தேய்த்துக் கோடு பார்ப்பது. பொற்கொல்லரின் கட்டளைக் கல் வேலையேதான் இது. செம்பாறைத் துண்டு செந்நிறமோ மஞ்சள் பழுப்போ ஆன கோடு போடும்; அதுவே இரும்புத் துருவின் கையெழுத்து. தங்கம்போல் மின்னும் பைரைட் என்ற கல் பச்சை கலந்த கறுப்புக் கோடு போடும். உண்மைத் தங்கம் மஞ்சள் கோடுதான் போடும். இந்த ஒரு சோதனை தெரிந்தால் ஏமாற்று வேலை பல பலிக்காது.

நான்காவது, காந்தம். ஐந்தாவது, வினிகர். போர்ட்டிக்சன் கரையில் பொறுக்கிய சிப்பியை உடைத்துப் பொடியாக்கி, அதன்மேல் வினிகர் விட்டால் நுரைக்கும். முட்டை ஓடும் நுரைக்கும். நாம் தைப்பூசத்துக்குப் போகும் பத்துமலை முழுவதும் அதே இனத்துச் சுண்ணாம்புப் பாறைதான். நம் மாநிலத்துக் கருங்கல்லின்மேல் எவ்வளவு வினிகர் விட்டாலும் நுரைக்காது. இரண்டு மலைகளின் பிறப்பு வேறு என்பதைச் சில சொட்டு வினிகர் சொல்லிவிடுகிறது.

பெரிய பிள்ளைகளுக்குக் கனத்தை எண்ணாலும் சொல்லித் தரலாம். தொங்கு தராசில் ஒரு கல்லைக் கயிற்றில் கட்டி நிறுங்கள். 265 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பிறகு அதே கல்லை வாளித் தண்ணீரில் முழுக்கியபடி, அடி தட்டாமல் நிறுங்கள். 165 கிராம் காட்டினால், குறைந்தது 100. 265-ஐ 100-ஆல் வகுத்தால் 2.65. அது குவார்ட்ஸின் கனம். கணக்கு வாத்தியார் சொல்லும் வகுத்தல் எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

பயிற்சிக்கு நல்ல கல் கருங்கல். சிரம்பானிலிருந்து கோலா பிலா போகும் வழியில், உலு பெண்டுல் ஓடையில் அந்தப் பாறைகளைப் பார்க்கலாம். ஒரு சிறு துண்டைக் கழுவிப் பார்த்தால் மூன்று வகைப் பொருள் தெரியும். கண்ணாடிபோல் சாம்பல் நிறத்தில் இருப்பது குவார்ட்ஸ். அது போத்தலைக் கீறும். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ தட்டையாக உடைந்து மின்னுவது பெல்ஸ்பார். அது கரைந்தால் வெள்ளைக் களிமண். கறுப்பாக ஏடு ஏடாக நகத்தில் உரிவது அபிரகம். ஓடை மணலில் பொன்போல் மினுக்குவது பெரும்பாலும் பழுத்த அபிரகமே. சுழற்றினால் அது மேலே மிதந்து போகும். பொன்னாக இருந்தால் அடியில் தங்கும்.

சில எச்சரிக்கைகளையும் சொல்லியாக வேண்டும். கருமணல் எடுக்க வேண்டும் என்று பிள்ளைகள் லம்பக் குட்டைப் பக்கம் தனியே போகக் கூடாது. கரை சரியும், ஆழம் தெரியாது. பால் உறைய வைக்கும் அமிலத்தைச் சோதனைக்கு எடுக்கவே கூடாது, வினிகர் போதும். கல்லை உடைக்கும்போது துணியால் மூடிப் பெரியவர்களே உடைக்க வேண்டும். கல்லை வாயில் வைக்கக் கூடாது. லிங்கி ஆற்றுக்கு அருகே பெங்காலான் கெம்பாஸில், 1467-ஆம் ஆண்டைச் சேர்ந்த சமாதியும் பழைய நடுகற்களும் இருக்கின்றன. அவற்றை மக்கள் உயிருள்ள கற்கள் என்று சொல்வார்கள். அத்தகைய இடங்களிலும், கோயில்களிலும், கண்ணால் பார்க்கலாம். ஆணி படக் கூடாது. வரலாற்றைக் கீறிப் பார்ப்பது படிப்பாகாது.

நேயர்களே! இதில் முக்கியமானது கல்லின் பெயரை மனப்பாடம் செய்வதல்ல. ஒரு பொருளைப் பார்த்தவுடன் பெயர் சொல்லாமல், நிறுத்து, தேய்த்து, கீறி, எழுதி வைத்து, பிறகே பெயர் சொல்லும் ஒழுங்குதான் முக்கியம். அந்த ஒழுங்கு வந்த பிள்ளை, கடைக்காரர் தராசையும் பார்க்கும். சம்பளச் சீட்டின் கூட்டலையும் பார்க்கும். கையெழுத்துப் போடும் தாளையும் படித்துப் பார்க்கும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஐந்து கற்களைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். நோட்டில் ஐந்து வரிசை கீறி, நிறம், கனம், கீறல், கோடு, காந்தம், வினிகர் என்று தலைப்பிடச் சொல்லுங்கள். பெயரை எழுதும் கட்டம் கடைசியில் இருக்கட்டும். அது சில நாள் காலியாக இருந்தாலும் பரவாயில்லை. மற்றக் கட்டங்கள் நிரம்பிய பிறகு நிரப்பிக்கொள்ளலாம்.